மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது

பொன்னாடைக்குள் மதுமதிக்கு வேர்த்து ஊற்றியது.

டெல்லி மே மாதத்தில் ஒருத்திக்குச் சால்வை போர்த்துகிறவர்களை என்ன செய்தால் தகும் என்று யோசித்தபடி, மேடையில் கைகூப்பி நின்றாள்.

பக்கத்தில் தலைவர் வேதாந்தம் புது ஆசிரியையான அவளை வரவேற்கும் வாழ்த்துமடலை வாசித்துக்கொண்டிருந்தார். மத்திய அரசில் இணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“தென்னகம் ஈன்ற செந்தமிழ்ச் செல்வியே…”

ஆர்.கே.புரம் சமுதாயக் கூடம் கை தட்டியது.

அந்த வரியை எழுதியது மதுமதி.

அந்த வரியை மட்டுமல்ல, மடல் முழுவதையும். வடபுலத் தமிழன்பர் குழுவுக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு தலைவர், மூன்று துணைத் தலைவர்கள், பதினொரு மூத்த ஆலோசகர்கள். தமிழில் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதத்தான் ஆள் இல்லை.

“உங்களைப் பத்தி உங்களுக்குத்தானே டீச்சர் நன்னா தெரியும்,” என்று வெள்ளைத்தாளை நீட்டினார் செயலாளர் வைத்தி. “கொஞ்சம் உசத்தியாவே எழுதிடுங்கோ. கூச்சப்படாதேங்கோ.”

தலைவர் பிறந்து வளர்ந்தது கரோல் பாகில். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. ஆகவே அவருக்கென்று இந்தி எழுத்தில் ஒரு பிரதி. அது அவர் வீட்டிலேயே தயாராகிவிடும் என்றார் வைத்தி. தமிழில் எழுதியது கண்ணாடிச் சட்டத்துக்குள் போய், இப்போது மதுமதியின் கையில் கனத்தது.

“பிறந்த மண் பிரிந்து, பெற்றோரைப் பிரிந்து…”

பிரிந்துதான் வந்தாள். விருதுநகர் பக்கத்திலிருந்து தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து இருபத்தொன்பது நாள் ஆகிறது. மகளிர் விடுதியில் முப்பது நாளுக்குத்தான் இடம். நாளை காலை கட்டிலைக் காலி செய்ய வேண்டும். நாளை இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாயிற்று. ராஜினாமாக் கடிதம் கைப்பையில்.

முனிர்க்காவில் ஏழு வீடு ஏறி இறங்கினாள். “அகேலி லேடீஸா?”, தனியாள் பெண்ணா, என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். போகட்டும், முன்பின் தெரியாதவர்கள்.

கோபம் இந்தக் குரல் மேல்தான்.

தலைவருக்கு சப்தர்ஜங் என்க்ளேவில் சொந்த வீடு. மாடியில் குளியலறையோடு ஓர் அறை, ஒன்றரை வருடமாகக் காலி. அவள் வந்த மூன்றாம் நாளே வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“நீ எங்காத்துப் பொண்ணு மாதிரிம்மா. மேல வந்து இருந்துக்கோ.”

அவர் மனைவி ருக்மிணி காபி கொண்டுவந்து வைத்தார். மதுமதி ஒரு வாய் குடித்திருப்பாள்.

“ஊர்ல உங்க தெருவில யார் யார் இருக்கா?” என்று கேட்டார் தலைவர்.

சொன்னாள். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கு இந்தப் பாடம் மட்டும் எங்கேயோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“அச்சா,” என்றார். கொஞ்ச நேரம் அவள் கையிலிருந்த டம்ளரையே பார்த்தார். “மாடில தண்ணி ஒழுகறது. மராமத்து பண்ணணும். பார்த்துண்டு சொல்றேன்.”

டெல்லியில் இரண்டு மாதமாகச் சொட்டு மழை இல்லை. பிறகு மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் தண்ணீர் ஒழுகியது.

“சாதி கடந்து, சமயம் கடந்து, தமிழால் ஒன்றிய எம் நெஞ்சில் தங்களுக்கு என்றும் இடமுண்டு,” என்று தலைவர் முழங்கினார்.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய வரி. வாசிக்கும்போது ஒரு நொடியாவது தடுமாறுவார் என்று நினைத்திருந்தாள். தடுமாறவில்லை. நெஞ்சில் இடம் கொடுப்பதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. அங்கே மராமத்து வேலை கிடையாது.

“வாழிய பல்லாண்டு.”

மடல் அங்கே முடிகிறது. மதுமதி பெருமூச்சு விட்டுச் சால்வையை இறக்கப் போனாள்.

தலைவர் தாளைத் திருப்பினார்.

“வெறும் சொல்லோடு நில்லாது, எளியேனின் மனை மேனிலையைத் தங்கள் உறைவிடமாக இன்றே ஈந்து மகிழ்கிறேன்.”

அவள் குனிந்து கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தாள். அதில் அப்படி ஒரு வரி இல்லை.

தலைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கைத்தட்டலுக்குக் காத்திருந்தார். என்ன வாசித்தோம் என்பது அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கும் சேரவில்லை. வைத்திக்குச் சேர்ந்துவிட்டது. மைக்கைப் பிடுங்கினார்.

“கேட்டேளா. நம்ம தலைவர் தன்னோட மாடி ரூமையே டீச்சருக்குக் குடுத்துட்டார்.”

கூடம் எழுந்து நின்று தட்டியது. துணைத் தலைவர் ஒருவர் ஓடிவந்து வேதாந்தத்துக்கும் ஒரு சால்வையைப் போர்த்தினார். அதற்குள்ளிருந்து அவர் வாய் ஒரு முறை திறந்து மூடியது. நூற்றைம்பது பேர் நின்று தட்டும்போது தண்ணீர் ஒழுகுவதைப் பற்றி எப்படிப் பேசுவது?

“அந்த இந்திப் பிரதியை யார் சார் எழுதினது?” மதுமதி வைத்தியிடம் மெதுவாகக் கேட்டாள்.

“மாமிதான். கல்யாணத்துக்கு முன்னாடியே இந்திப் பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணினவா. நேத்து மத்தியானம் உக்காந்து எழுதினா. இவர் எங்க பார்த்தார், நேரா மேடையிலதான்.”

அந்த மாடியில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது என்று ஒரு கோபம். தங்கிக் காட்ட வேண்டும் என்று இன்னொரு கோபம். இரண்டுக்கும் நடுவில் அவள் முன்வரிசையைப் பார்த்தாள்.

ருக்மிணி மட்டும் எழுந்து நிற்கவில்லை, தட்டவும் இல்லை. மடியில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு, ஒரு சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றிக்கொண்டிருந்தார்.