பாகம் பாகமாய் வந்த மெசின்

“வேற பாகம் ஏதும் கெடச்சிச்சா?”

தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே நிதுஷன் கேட்டுவிட்டான். நலமா, சாப்பிட்டீங்களா என்ற சடங்கெல்லாம் அவனிடம் கிடையாது. கலேவெலயிலிருந்து எல்கடுவ மலை ஏறி வருவதற்குள் அவன் மோட்டார் சைக்கிளுக்கே மூச்சு வாங்கும்; அவனுக்கு வாங்காது.

“ஒண்ணு கெடச்சிச்சி.” கிருஷாந்தினி, பழந்துணியில் சுற்றிய இரும்புக் கைப்பிடியை நீட்டினாள். “கோழிக்கூட்டுக்குக் கீழ இருந்திச்சி.”

அது உண்மைதான். அங்கே வைத்தவளே அவள்தான்.

மாட்டுக்கொட்டகைப் பரணைத் துப்புரவு செய்தபோது எல்லாப் பாகங்களும் ஒரே சாக்கில்தான் கிடைத்தன. என்ன மெசின் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பழைய விவசாயக் கருவிகளுக்குப் பெயர் சொல்வதற்கென்றே ஒருவன் முகநூலில் பக்கம் நடத்துகிறான் என்று முன்பள்ளியில் கூட வேலை செய்யும் ஜஸ்லா டீச்சர் சொல்ல, உருளையை மட்டும் படம் பிடித்து அனுப்பினாள். நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறு ஆளே வந்தான். அவள் வெளியே எடுத்து வைத்திருந்த உருளையை மட்டும் தடவிப் பார்த்தான். மற்றப் பாகங்களையும் பார்க்காமல் சொல்ல முடியாது என்றான்.

“தேடிப் பாருங்க. திரும்ப வர்றேன்.”

அந்தக் கடைசிச் சொல்லுக்காக அவள் அன்றைக்கே சாக்கைப் பிரித்து, மூலைமுடுக்கெல்லாம் இரும்பை ஒளித்துவைத்தாள்.

அதன் பிறகு ஞாயிறுக்கு ஒன்று. சக்கரம் விறகுக்கட்டுக்குப் பின்னால் ‘கிடைத்தது’. அச்சு அரிசிப் பெட்டிக்கு அடியில் ‘கிடைத்தது’. பாகங்கள் குறையக் குறையப் பயம் வந்து, ஒரு வாரம் பழைய தையல் மெசினின் மிதிபலகையைக் கொடுத்துப் பார்த்தாள். அவன் அதை அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது தையல் மெசினோடது,” என்றான். சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான்.

மற்ற நாட்களில் அவள் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபடியே, கீழே வளைவில் ஏறும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளின் சத்தத்தையும் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் எந்த இரும்பையும் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டான்.

இன்றைக்குக் கைப்பிடி. சாக்கில் இதற்கு மேல் எதுவும் இல்லை. பூட்டினால் பெயர் தெரிந்துவிடும். பெயர் தெரிந்துவிட்டால் அவனுக்கு இங்கே வர ஒரு காரணமும் இருக்காது.

“வந்துட்டாரா மெசின் டொக்டரு?” அவள் அப்பா நல்லையா வாசலுக்கு வந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டார். “ஞாயித்துக்கெழமையாவது மனுசன் கால நீட்ட முடியுதா? ஸஹாப்தீன் நானாவோட லொறி வரட்டும், எல்லாத்தயும் பழைய இரும்புக்கு ஏத்தி விட்டுர்றேன்.”

“சத்தம் போடாம செய்றேன் அங்கிள்.”

“இரும்புல சத்தம் போடாம என்னத்தச் செய்வ நீ.”

அவள் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, அவன் கைப்பிடியை முறுக்கினான். இருவர் கையிலும் ஒரே மண்ணெண்ணெய் வாசம். அவன் விரல் அவள் விரலுக்கு மிக அருகில் வந்து, ஒரு வாஷரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது.

“கோப்பி மெசின்,” என்றான். “பழத்த மேல கொட்டி, கைப்பிடிய சுத்தினா, தோலு அந்தப் பக்கம் போகும். கொட்ட இந்தப் பக்கம் வந்துரும்.”

“எப்பத் தெரிஞ்சிச்சி?”

“இப்பதான்.” மெசினைப் பார்த்தபடியே சொன்னான். ஒரேயொரு பல்லுச் சக்கரத்தை வைத்தே கருவிக்குப் பெயர் சொல்கிறவன் என்று அவனை அவனுடைய முகநூல் பக்கத்தில் எத்தனையோ பேர் புகழ்ந்திருந்தார்கள்.

“அப்ப இனி இந்தப் பக்கம் ஒங்களுக்கு வேல இல்ல.”

“வேல இல்லதான்.”

இருவரும் மெசினைப் பார்த்தார்கள். மெசின் யாரையும் பார்க்கவில்லை.

“சுத்திப் பாருங்க,” என்றான். சுற்றினாள். சக்கரம் சுழன்றது, உருளை அசையவில்லை. அவன் குனிந்து பார்த்தான்.

“கடையாணி இல்ல. சக்கரத்தயும் அச்சயும் பூட்டுற ஆணி. போன வாரம் இதுலதான் இருந்திச்சி. நீங்க எடுத்தீங்களா?”

அவள் ஒளிக்காத ஒன்று முதல்முறையாகக் காணாமல் போயிருந்தது. “நான் இல்ல. நீங்க?” என்று கேட்டபோது அவள் குரலில் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது.

அவன் பையைக் கவிழ்த்தான். ஸ்பேனர், துணி, பாதி கடித்த, மீன் அடைத்த மாலுபாண். காற்சட்டைப் பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினான். ஒன்றுமில்லை. அவள் ஆசையும் அந்தப் பைகளைப் போலவே தொங்கிவிட்டது.

“பரவால்ல. கலேவெலயில ஒரு ஆணி கடைஞ்சி பஸ்ல குடுத்து அனுப்புறேன். மாட்டுறது லேசு, நீங்களே மாட்டிரலாம்.” அவன் நல்லையாவை ஓரக்கண்ணால் பார்த்தான். “ஒவ்வொரு ஞாயிறும் அங்கிளுக்கும் தொல்லதானே.”

“பஸ்லயா?”

நல்லையா துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் அவர் சாரத்தின் இடுப்பு மடிப்பிலிருந்து ஏதோ ஒன்று ‘ணங்’ என்று சிமெந்துத் தரையில் விழ, சட்டென்று அதைக் காலால் மூடிக்கொண்டார். நிதுஷன் கவனிக்கவில்லை. கிருஷாந்தினி கவனித்தாள்.

“பஸ்ஸெல்லாம் வேணாம். வர்ற ஞாயிறு ஒங்க அம்மா அப்பாவயும் கூட்டிக்கிட்டு வாங்க தம்பி,” என்றார் நல்லையா, காலை எடுக்காமலே. “இங்க தேடுறதுக்கு ஆளு பத்தாது.”