பாதி விலை மருந்து

பூச்சிமருந்துப் பம்பின் மூக்கு அடைத்துக்கொண்டதும் வாயில் வைத்து ஊதிவிட்டு, "ஒன் அடுப்பூதுற சோலி எனக்கும் வந்துருச்சு" என்று பெண்டாட்டியைப் பார்த்துக் குருநாதன் சிரித்ததுதான் கடைசி. பொழுது சாயுமுன் உருளைக்கிழங்குப் பாத்தியிலேயே நுரை தள்ளி விழுந்து செத்துப்போனான்.

காரியம் முடிந்த மறுநாள் இது. பூண்டி மேட்டில் மஞ்சு இன்னும் கலையவில்லை. குருநாதன் பெண்டாட்டி அன்னக்கொடி அந்தப் பித்தளைப் பம்பை இறுக அணைத்தபடி வாசலில் நிற்கிறாள். எதிரே விவசாய ஆபீசர், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், மூக்கில் கைக்குட்டை. "வெரசாக் குடும்மா. சர்க்கார் சாமான். அடுத்து இது கிளாவரை ஊருக்குப் போகணும்." "வாயை வச்சு ஊதக்கூடாதுன்னு எங்க வீட்டாளுகிட்டச் சொன்னீங்களாய்யா?" "டின்லயே எழுதியிருக்கும்மா." "இங்கிலீசுல." ஆபீசர் கடிகாரத்தைப் பார்க்கிறார். "நீங்க நாலு காசு பாக்கணும்னுதான் சர்க்கார் பாதி விலைக்கு மருந்து குடுக்குது. ஊரைப் பயமுறுத்தாதீங்க." அவள் அவரைத் தாண்டிப் போகிறாள். அதை வாங்கிப்போகக் கிளாவரையிலிருந்து மட்டக்குதிரையோடு வந்திருக்கும் பழனிச்சாமி தலைகுனிந்து நிற்கிறார். பம்பை அவர் கையில் வைக்கிறாள். பிடியை மட்டும் விடவில்லை. "அண்ணே, மூக்கடைச்சா ஈர்க்குச்சியால குத்துங்க. வாயில வச்சா செத்துருவீங்க. உங்க ஊர்ல வீடு வீடாச் சொல்லுங்க. இந்த ஆபீசர் சொல்லமாட்டாரு." ஆபீசர் செருமுகிறார். "சொல்றேன் தாயி" என்கிறார் பழனிச்சாமி, ஆபீசர் காதுபடவே. அப்போதுதான் அவள் விரல்கள் தளர்கின்றன. குதிரை நடக்க, சேணத்தில் பித்தளை இடிபடும் சத்தம் மஞ்சுக்குள் தேய்ந்துகொண்டே போகிறது. பாத்தியில் உருளைச் செடிகள் வெள்ளையாய்ப் பூத்து நிற்கின்றன. ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை.