நிம்மதியாக இருக்கிறார்

புத்தர் துக்கத்தைப் பற்றிச் சொன்னதை, அமெரிக்க வாசகருக்குத் துக்கம் வராதபடி பாலி மொழியிலிருந்து ஆங்கிலத்தில் எழுதுவது வகுளாவின் வேலை. படிப்பவர் கலங்கினால், நாடித்துடிப்பைக் கவனிக்கும் அவர் கைப்பட்டை கம்பெனிக்குச் சொல்லிவிடும்; வகுளா வரியை மாற்ற வேண்டும். 'செத்தான்' என்று வருமிடமெல்லாம் 'நிம்மதியாக இருக்கிறான்' என்று மாற்றியது அவள்தான். போன் பேச்சை மொழிபெயர்க்கும் மெஷினுக்கும் கம்பெனி அதையே கற்றுக்கொடுத்தது.

அன்று காலையில் அவள் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். பாஸ்டனில் இருக்கும் மகனைக் கூப்பிட்டாள்; அவன் போனை எடுக்கவில்லை. தமிழ் தெரியாத மருமகள் மேகன் எடுத்தாள்.

"மாமா செத்துட்டாரும்மா."

மேகனின் பதிலை மெஷின் தமிழில் சொன்னது: "மாமா நிம்மதியா இருக்காரா? சந்தோஷம் அத்தை. போனை அவர்கிட்ட குடுங்க, பாப்பா பேசணுமாம்."

வகுளா மறுபடி சொன்னாள். மறுபடியும் சந்தோஷம்தான் வந்தது.

கணவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் போனை வைத்தாள்.

"பேசு கண்ணு," என்றாள்.