ஜன்னல் வழக்கு

"இந்த ஜன்னலை யார் சாத்தினது?"

சட்டக் கல்லூரியிலிருந்து வந்த மருமகள் பையை இறக்கி வைப்பதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"நான்தான் அத்தை. தப்புதான்."

"தப்புன்னு யார் சொன்னா? ஏன் சாத்தினேன்னு கேட்டேன். வாயைத் திறந்து பதில் சொல்லேன்."

மருமகள் அறைக்குள் போய்விட்டாள். கல்யாணமானதிலிருந்து அதட்டிக்கூடப் பேசாத அத்தைக்குக் கொஞ்ச நாளாக என்ன வந்ததென்றே புரியவில்லை.

"மத்தியானமானா மாடி வீட்டுக்குப் போயிடுறாங்க. அந்தம்மாதான் ஏத்தி விடுறாங்க" என்றாள் கணவனிடம்.

மாடி வீட்டம்மா சண்டைக்குப் பேர்போனவர். அவர் வாய்க்குப் பயந்து தபால்காரர்கூடப் படியேற மாட்டார்.

மருமகளுக்கு ஏற்கெனவே போதாத காலம். போன மாதம் கல்லூரியில் நடந்த மாதிரி நீதிமன்றப் பயிற்சியில் அவள் பேசியது முன்வரிசைக்கே கேட்கவில்லை.

"கம்பெனியில உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதும்மா. அதுவும் நல்ல வேலைதான். கோர்ட் உனக்குச் சரிப்படாது" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர்.

கோர்ட்டில் நின்று பேசத்தான் அவள் சட்டமே படிக்க வந்தாள். அன்று இரவு தலையணையில் முகம் புதைத்து அழுதது அவளுக்குத்தான் தெரியும். மிச்சமிருந்தது கடைசிப் போட்டி மட்டும். நடுவராக வரும் மூத்த வக்கீலம்மா, நன்றாக வாதாடும் ஒருவரைத் தன் ஜூனியராக எடுத்துக்கொள்வாராம்.

மறுநாள், "ஜன்னலை ஏன் திறந்து போட்டே?"

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சாத்தினா ஏன் சாத்தினேங்கிறீங்க. திறந்தா ஏன் திறந்தேங்கிறீங்க. ரெண்டுல எது உங்க கட்சி அத்தை? அதை முதல்ல சொல்லுங்க."

மாமியார் இடுப்பில் கை வைத்தார்.

"பெரியவங்களை எதிர்த்தா பேசுறே?"

"வயசு பதிலாகாது அத்தை. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

குரல் நடுங்கவில்லை. அவளுக்கே ஆச்சரியம்.

அதன்பின் தினமும் ஒரு வழக்கு. செருப்பு, காயப்போட்ட துணி, பால் பாத்திரம். கணவன் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாத குறைதான்.

போட்டியில் எதிர்த்தரப்பு மாணவன் கையை நீட்டி முழங்கினான். 'அத்தையைவிடவா?' என்று தோன்றியது அவளுக்கு. அவன் முடிக்கும்வரை காத்திருந்து, அவன் முதலில் சொன்னதையும் பின்னால் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினாள். கடைசி வரிசையில் சாய்ந்திருந்த பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திங்கட்கிழமை என் ஆபீசுக்கு வந்துடும்மா" என்றார் வக்கீலம்மா.

வீட்டில் சொன்னதும் மாமியார் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்பாடா. இனிமே நான் சண்டை போட வேண்டாம். தொண்டையே போச்சு."

"அத்தை?"

"கோர்ட்டுல பேச வரலையேன்னு அன்னிக்கு நீ அழுதது சுவரைத் தாண்டிக் கேட்டுது. வீட்டுலயாவது உனக்கு வாய் திறக்கட்டுமேன்னுதான்..."

"அப்போ மாடி வீட்டம்மா?"

"எனக்கு மட்டும் சண்டை போடத் தெரியுமா என்ன? தினமும் மத்தியானம் அவங்ககிட்ட போய்க் கத்துக்கிட்டுத்தானே வந்தேன்."