வாங்கில் ஒரு சிங்கம்

சொந்த அணி அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஆறாயிரம் பேர் தலையில் கை வைத்தபோது ஜேசுரட்ணம் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார்.

"இஞ்சேருங்கோ, சும்மா இருங்கோ. சனம் அடிக்கப்போகுது," என்று மனைவி புஷ்பா சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். முன்வரிசை ஜெர்மன்காரர் ஒருவர் திரும்பி, ஜேசுரட்ணத்தின் கழுத்தில் கிடந்த அணியின் சால்வையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த மனிதருக்கு எப்படிச் சொல்லி விளங்கவைப்பது? இன்றைய கிண்ணப் போட்டியில் கோல் விழக்கூடாது, இரண்டு பக்கமும் விழக்கூடாது. தொண்ணூறு நிமிடமும் போய், கூடுதல் முப்பது நிமிடமும் போய், ஆட்டம் பெனால்டிக்கு வரவேண்டும். அப்போதுதான் இரண்டாவது கோல்காப்பாளனான அவர்களுடைய மகன் யூட்சன் மைதானத்தில் இறங்குவான். இரண்டு வருடமாக மாற்று வீரர்கள் உட்காரும் வாங்கைத் தேய்த்துக்கொண்டிருப்பவன். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்றும் இறங்காவிட்டால் அதை யார் புதுப்பிப்பார்கள்?

திட்டம் பயிற்சியாளருடையது. திங்கட்கிழமை அவர் ஜேசுரட்ணத்தைக் கார் நிறுத்துமிடத்துக்குத் தனியே கூட்டிப்போனார். பெனால்டி என்று வந்தால் உங்கள் மகன் ஒரு சிங்கம் என்றார். கூடுதல் நேரத்தில் ஓர் ஆளைக் கூடுதலாக மாற்ற விதி இருக்கிறது, அந்த இடம் கடைசி நிமிடத்தில் அவனுக்குத்தான், ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றார்.

ஜேசுரட்ணம் ஒருவருக்கும் சொல்லவில்லை. வட்ஸ்அப்பில் குடும்பத்துக்கு மட்டும் போட்டார். டொரொன்டோ, லண்டன், பாரிஸ், சொந்த ஊர் குருநகர் என்று நான்கு குழுமங்கள். வெள்ளிக்கிழமை காலை அது உள்ளூர்ப் பத்திரிகையில் வந்திருந்தது.

இடையில் வியாழக்கிழமை, பஸ் ஓட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பயிற்சி பார்க்கவும் போயிருந்தார். பெனால்டி பழகும்போது முதலாவது கோல்காப்பாளன்தான் நின்றான். யூட்சன் பின்னால் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்தான். ஆயுதத்தை ஒளித்துவைக்கிறார்கள் என்பது ஜேசுரட்ணத்துக்கு உடனே விளங்கிவிட்டது.

தொண்ணூறு நிமிடம் கோலில்லாமல் முடிந்தது. கூடுதல் நேரத்தில் நம் மூன்றாம் பிரிவு அணி, பத்துப் பேரையும் கோல் வாசலில் கொண்டுவந்து அடைத்தது. இதெல்லாம் ஒரு விளையாட்டா, இரண்டு மணித்தியாலம் நன்றாக ஆடியவன் பெனால்டியில் தோற்பது நியாயமா என்று முன்வரிசைக்காரரே அலுத்துக்கொண்டார். இரண்டு வருடம் குந்தியிருந்தவனுக்கும் ஒரு நியாயம் வேண்டும்தானே என்று ஜேசுரட்ணம் ஜெர்மனில் பதில் சொன்னார்.

நூற்றுப் பத்தாவது நிமிடத்தில் யூட்சன் எழுந்தான். கையுறைகளை மாட்டி, தோளைக் குலுக்கி, கோட்டோரம் ஓடத் தொடங்கினான். அரங்கமே அவன் பெயரைக் கத்தியது. பத்திரிகை படித்திருந்த எதிரணியின் முதற்பிரிவு நட்சத்திரங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் இரண்டு கைகளையும் வீசி எல்லோரையும் முன்னால் துரத்தினார். பெனால்டிக்கு முன்னரே முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம்.

எட்டு நிமிடம் பந்து நம் கோல் வாசலிலேயே கொதித்தது. புஷ்பா கண்ணை மூடிச் செபமாலை உருட்டினாள். ஜேசுரட்ணம் கேவலார் யாத்திரைத் தலத்து மாதாவுக்கு நிமிடத்துக்கு ஒரு மெழுகுதிரி என்று நூற்றிருபது நேர்ந்தார்.

நூற்றுப் பதினெட்டாவது நிமிடம். நம் ஆள் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு பந்தைத் தூர உதைத்தான். அந்தப் பக்கத்தில் அவர்களுடைய கோல்காப்பாளனைத் தவிர ஒருவரும் இல்லை. நம் முன்கள வீரன் தனியே ஓடிப்போய்ப் பந்தை மெதுவாக உள்ளே தட்டிவிட்டான்.

முன்வரிசைக்காரர் ஜேசுரட்ணத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். ஜேசுரட்ணம் அவர் தோளில் விழுந்து அழுதார். மனிதர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

வீரர்கள் வெளியே வரும் வாசலில் இருவரும் காத்திருந்தார்கள். ஒரு சொட்டு வியர்வையும் படாத சட்டையோடு, கையில் ஒரு கடதாசியை ஆட்டிக்கொண்டு யூட்சன் வந்தான்.

"புது ஒப்பந்தம். இன்னும் ரெண்டு வருஷம். கோச் உங்களுக்குத்தான் முதல் நன்றி சொல்லச் சொன்னவர், அப்பா."

புஷ்பா சிலுவை போட்டுக்கொண்டாள். ஜேசுரட்ணம் கடதாசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ இறங்கவே இல்லையே. கரையில ஓடினதுக்கோ ஒப்பந்தம்?"

"ஓம். அதுக்குத்தான்."

"விசர்க்கதை. இறங்கியிருந்தா எத்தினை பிடிச்சிருப்பாய்?"

யூட்சன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தான்.

"நான் இண்டைக்கு வரைக்கும் ஒரு பெனால்டியும் பிடிச்சதில்லை."