இலக்கியாவின் தலைமுடி

"புள்ள தலையில கத்தி படக்கூடாதுங்க அண்ணி. சொன்னா சொன்னதுதான்."

யுவராணி ஒரே போடாகப் போட்டதும் நாத்தனார் சின்னக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். போன வருஷம் குழந்தை இலக்கியா டெங்குவில் படுத்தபோது, பிழைத்து வந்தால் அடுத்த ஆடிக்குள் குலசாமிக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டவள் சின்னக்கா. வருகிற வெள்ளி ஆடியின் கடைசி வெள்ளி. இந்த நேரம் பார்த்து, சேலத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தில் நடிக்க இலக்கியாவைத் தேர்வு செய்துவிட்டார்கள். சனிக்கிழமை ஷூட்டிங். இடுப்பு வரை தொங்கும் முடியைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். மொட்டை என்றால் வேறு குழந்தையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வருஷ ஆடிக்கு மொட்டை போட்டுக்கொள்ளலாமே என்று யுவராணி கெஞ்சியும் பார்த்தாள்.

"சாமிகிட்டயே தவணை கேக்கறியா? புள்ளைக்கு மறுபடியும் ஒண்ணு ஆச்சுன்னா?"

யுவராணி மகளின் நெற்றியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. 'இந்தக் கறுப்பியையா டிவியில காட்டுவாங்க?' என்று சிரித்த, அவர்கள் குடியிருக்கும் பொம்மிடித் தெரு முழுக்க அந்த விளம்பரத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்கு அது போதும்.

ஓசூர் கம்பெனியில் இருந்த கணவன் திருமாலுக்குப் போன் போட்டால், நீயும் அக்காவும் பேசிக்கோங்க என்று நைசாக நழுவிவிட்டான். சின்னக்கா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அரூர் பஸ் ஏறினாள். சொந்தபந்தத்தைத் திரட்டி வந்து பஞ்சாயத்து வைக்கப் போகிறாள் என்று யுவராணி முடிவே கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வாசலில் வந்து நின்றாள் சின்னக்கா. தனியாகத்தான் வந்திருந்தாள். தலையில் முக்காடு.

இலக்கியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த யுவராணி எழுந்து, மகளை மறைத்து நின்றாள்.

"யாரு வந்து தடுத்தாலும் இன்னைக்கு சேலம் போறதுதாங்க அண்ணி."

சின்னக்கா முக்காட்டை இறக்கினாள். வழவழவென்று மொட்டை. அதன்மேல் சந்தனம் காய்ந்திருந்தது.



"வேண்டுனவ நானு. என் முடியக் குடுத்துட்டு வந்துட்டேன். புள்ள முடிதான் வேணும்னா சாமி எங்கிட்ட சண்டைக்கு வரட்டும், நான் பேசிக்கறேன். நீ சீக்கிரம் பின்னி வுடு, ரயிலு வந்துரும்."