பத்தாவது சனிக்கிழமை

கைப்பையில் அரை பாட்டில் பிராந்தியை வைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அவள் படியேறினாள். கீழே பல் டாக்டர் கிளினிக். மாடியில், குடியை விட நினைப்பவர்களுக்கான குழு.

இந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய முதல் நம்பரை எடுத்தவர் கார்ப்பெட் விற்கிறவர். இரண்டாவது நம்பரில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில், அவள் வேலை செய்யும் தையல் கடைக்குப் பேன்ட்டின் நீளத்தைக் குறைக்க வந்த தபால்காரர்தான் காதோடு காதாக இந்த விலாசத்தைச் சொன்னார்.

"போறேன், போதுமா?" என்று புருஷன் ஒத்துக்கொண்ட அன்று அவள் சந்தோஷத்தில் அழுதாள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். கை நடுங்கினால் வேலையும் போகும், ஆளும் போவான். இன்றோடு பத்து சனிக்கிழமை, ஒன்றுகூட விடாமல் கிளம்பி வந்திருக்கிறான்.

ஆனால் குடி மட்டும் குறைந்தபாடில்லை. கேட்டால், "குடிக்கிறவங்களைத் திட்டக் கூடாதாம். பாட்டிலைத் தேடித் தேடிக் கொட்டக் கூடாதாம். அது ஒரு நோயாம். அங்க இதைத்தான் சொல்லித் தர்றாங்க" என்பான். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

போன வாரம் மகளின் தலையில் கை வைத்து, "இனிமே தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தான். இன்று காலை அதே மகளின் மழை பூட்ஸுக்குள் இந்தப் பாட்டில். குழந்தையைக்கூடவா ஏமாற்றுவான் ஒரு மனுஷன்? உடனே அக்காவுக்கு போன் போட்டாள்.

"குழு நடத்துறவரை நேர்லயே பாத்துக் கேட்டுடறேன்க்கா. இவர் திருந்துவார்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா இருக்கேன். இல்லேன்னா சாயங்காலமே பாப்பாவைக் கூட்டிட்டு உன் வீட்டுக்கு வந்துடறேன்."

மாடியில் எதிரெதிராக இரண்டு அறைகள். நடுவில் இருந்த மேஜையில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் டீ கப்புகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர் இங்க வர்றாரே, அவரோட வீட்டுக்காரிங்க நான்..."

தாடிக்காரர் முகம் மலர்ந்துபோனது. "வந்துட்டீங்களா! பத்து வாரமா உங்களைத்தாம்மா எதிர்பார்த்துட்டிருக்கோம்."

அந்தக் குரலில் இருந்த அன்பு அவளுக்குத் தைரியம் தந்தது. பாட்டிலை எடுத்து நீட்டினாள். "காலைல பூட்ஸுக்குள்ள இருந்துச்சுங்க."

அவர் திடுக்கிடவில்லை. வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "கொண்டாந்து குடுத்தீங்களே, அதுவே பெரிய விஷயம். காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லைங்க. மனசே சரியில்ல. அவர் இங்க ஒழுங்கா வர்றாரா?"

"அவரா? அப்படி ஒரு பொறுமைசாலியை நான் பார்த்ததே இல்லம்மா. அவர் வாயைத் திறந்தா அறையில இருக்கிற அத்தனை பேரும் அழுதுடுவாங்க."

பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறாள், அவள் கண்ணில் மட்டும் அந்தப் பொறுமைசாலி தட்டுப்பட்டதில்லை. வெளியாட்களிடம் நல்ல பேர் வாங்க இவனை விட்டால் ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மனதின் ஓரத்தில் ஒரு சின்ன நம்பிக்கை எட்டிப்பார்த்தது.

'குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு' என்று எழுதியிருந்த இடது பக்கக் கதவைத் தாடிக்காரர் திறந்தார். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர். அநேகமாக எல்லாரும் பெண்கள். நடுவில் அவள் புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கைக்குட்டை பாதியில் நின்றது.

"பயப்படாதீங்க, உங்களைத் திட்ட வரல" என்று அவனிடம் சொல்லிவிட்டு, மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். இனி மானம் போனால் என்ன, இருந்தால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

"எல்லாரையும் வச்சுக்கிட்டே கேக்கறேங்க. இவரோட குடி நிக்குமா, நிக்காதா? நான் இவரோட வாழறதா, பிள்ளையைக் கூட்டிட்டுக் கிளம்பறதா?"

பக்கத்து நாற்காலியிலிருந்த அம்மாள் அவன் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"நீங்களாவது வாயைத் திறங்களேன்!" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத அப்பாவி போலத் தலையை ஆட்டினான்.

தாடிக்காரர் காலியாக இருந்த நாற்காலி ஒன்றை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். அதே அன்பு மாறாமல் சொன்னார்.

"முதல்ல, நீங்க குடிக்கிறதை நீங்களே ஒத்துக்கணும்மா."